நல்ல வயிறு

புசான் மீன் சந்தைக்குப் பின்னால் நூடுல்ஸ் கடை வைத்திருந்த தொக்பே, தன் வயிற்றைத் தட்டிக் காட்டித் தெரு முழுக்கப் பெருமையடித்துவிட்டான். மருத்துவர் கேட்டதோ அவனுடைய மலத்தை.

அவன் மனைவி மல்சுக்குக்குப் புற்றுநோய் தீர்ந்து இரண்டு வருஷமாகிறது. அதற்கு ஏற்றிய மருந்து காலில் விட்டுப்போன எரிச்சல்தான் தீரவில்லை. வெறுங்காலைத் தரையில் வைத்தால் தணலை மிதித்தது போலிருக்கும். போர்வை உரசினாலும் ஆகாது, அதனால் தனிப்படுக்கை; தளர்வான சூடான காலுறை மட்டும் கொஞ்சம் இதம். நரம்பு வலியில் குடல் கிருமிகளுக்கும் பங்கிருக்கலாம், ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலுள்ள கிருமிகளை அவள் குடலுக்கு மாற்றிப் பார்க்கலாம், சோதனை முயற்சிதான் என்றார் மருத்துவர்.

"கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறு இது. எடுத்துக்க, சுபின் அம்மா."

"கட்டிக்கிட்ட நாளா நீங்க எனக்குத் தர்ற ஒரே உருப்படியான சாமான் இதுதான்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

பரிசோதனை முடிந்து அவன் முகம் சுருங்கி வந்தான். "என் வயிறு ஆகாதாம். சோஜு குடிச்சுக் குடிச்சுக் கெட்டுப்போச்சாம்." பாவம் என்று அவள்தான் அவனைத் தேற்றி, சூப் வைத்துக் கொடுத்தாள். அவளையும் ரத்தம் கொடுக்கச் சொன்னபோது வழக்கமான சோதனை என்றே நினைத்தாள்.

முடிவு வாங்கப் போனபோது செவிலி குரலைத் தாழ்த்தினாள். "பயப்படாதீங்க அக்கா, அவருக்கு இருக்கிற மேகநோய், அதான் பால்வினை நோய், உங்களுக்குத் தொத்தல. அவர் ஊசி போட்டுக்கிட்டா சரியாயிடும். சொல்லியிருப்பாரே?"

"சொன்னார்," என்றாள் மல்சுக், அப்போதும் அவனை விட்டுக்கொடுக்காமல்.

சாயங்காலம், அடியிலிருந்து சூடேறும் கணப்புத் தரையில் போட்டுச் சூடாக்கிய காலுறைகளோடு வழக்கம்போல அவள்முன் குந்தினான். "காலைக் காட்டு."

"சோஜு குடிச்சா மேகநோய் வருமா, சுபின் அப்பா?"

அவன் தலை நிமிரவில்லை. "உன்னைத் தொடவே முடியலையே. நானும் மனுஷன்தானே."

அவள் வலியையே தனக்குச் சாட்சிக்கு இழுத்துவிட்டான். கால் எரிந்தே பழகியவளுக்கு அன்று வயிறு எரிந்தது. தினமும் இந்தக் கையைத்தானே நம்பிக் காலை நீட்டினோம் என்று நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஐயோ, வெறுங்காலோட நடக்காதே!" என்று பதறினான்.

பல்லைக் கடித்தபடி, வெதுவெதுத்த தரையில் ஒவ்வோர் அடியாக வைத்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீட்டிய அவன் கையில் காலுறைகள் இன்னும் சூடாக இருந்தன.