படுத்திருந்த வரையாடுகள்

எழுபத்தாறாம் வருஷம், தேவிகுளத்துக்கு மேலே பாறைகளில் ஓய்வெடுக்கும் வரையாடுகளை வனத்துறைக்கு எண்ணிச் சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டிலிருந்து இரண்டு பேர் கூலியில்லாமல் சும்மாவே போனார்கள். கொழுந்து பறிக்கும் பிலோமி ஒருத்தி. அவளை வேலை வாங்கும் கங்காணி சுவக்கீன் இன்னொருவர்.

பிலோமி எண்ணியதில் முப்பத்தொன்று இருந்தது. கங்காணியின் நோட்டில் நாலுதான்.

"மத்ததெல்லாம் எங்க, கங்காணியாரே?"

"அதெல்லாம் படுத்துல்லா கிடக்கு! படுத்துக் கிடக்குறதுக்கெல்லாம் பேரு போட்டு எனக்குப் பழக்கமில்ல."

பிலோமிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. போன மழைக்காலத்தில், மத்தியானம்வரை பறித்துவிட்டுக் காய்ச்சலில் தேயிலைக்குள் சுருண்டு விழுந்த அன்று, அவளுக்கும் இவர் நோட்டில் பேர் விழவில்லை; முழுநாள் கூலிக்கான முழுப்பேரும் இல்லை, அரைநாளுக்கான அரைப்பேரும் இல்லை.

நோட்டை வாங்கி, நாலை அடித்துவிட்டு முப்பத்தொன்று என்று எழுதினாள்.

"இதுகளுக்காவது முழுப்பேரு விழட்டும்."