சிறுவயது முதல் அறிந்தவர்

ஜீவராணிக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். எல்லவில் புதிதாகத் திறக்கப்போகும் ஹோட்டலில் வரவேற்பு மேசை. கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் கொழும்பில் யாரோ வீட்டுக்குச் சமைக்கப் போக வேண்டும். அத்தை இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியவளுக்கு அதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆகவே பசறையில் பஸ் ஏறி, பதுளையில் ஜௌபர் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் போய் உட்கார்ந்தாள். ஜௌபர் பயோடேட்டா அடிப்பதில் பேர்போனவர். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருமுன்பே அடித்து முடித்துவிடுவார்.

“முதலாளி பாக்க ஆசப்படுறதத்தான் எழுதோணும் மகள். உங்கட கதைய யாரு கேட்டா?”

தலைமைத்துவம், குழுவாக உழைக்கும் ஆற்றல், நெருக்கடியில் புன்னகை என்று வரிசையாக விழுந்தன. பொழுதுபோக்கு: நீச்சல்.

“எனக்கு நீந்தத் தெரியாதே நானா.”

“வரவேற்பு மேசையில தண்ணி ஈக்காது. பயப்படாதீங்க.”

கடைசிப் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். உறவினர் அல்லாத இரண்டு பெரியவர்கள் இவளை அறிவோம் என்று சாட்சி நிற்க வேண்டுமாம். ஒருவருக்குப் பள்ளி அதிபர் இருந்தார். இன்னொருவருக்கு எங்கே போவது? அவள் குடியிருக்கும் தேயிலைத் தோட்ட லயத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் மாமா, சித்தப்பா. தோட்டத்தில் சொந்தமில்லாத ஒரே ஆள் தோட்ட நிர்வாகியான பெரிய துரை. அவருக்கு இவள் யாரென்றே தெரியாது.

ஜௌபர் யோசிக்கவேயில்லை. ‘திரு. மாடசாமி, சமாதான நீதவான். இவரைச் சிறுவயது முதல் அறிவார்’ என்று அடித்தார்.

“யாரு நானா அவரு?”

“பெரிய மனுசன், அரசாங்கம் குடுத்த கௌரவப் பட்டம் வேற. பத்து வருசமா எல்லாருக்கும் அவரத்தான் போடுற. ஒருத்தன்சரி போன் கோல் எடுத்துக் கேட்டதில்ல.”

நேர்முகத்துக்கு ஆறு பேர் வந்திருந்தார்கள். ஜீவராணி ஆறாவது. உள்ளே போனவள் மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். ஹோட்டல் முதலாளி மாடசாமி, சமாதான நீதவான்.

“ஒக்காரும்மா,” என்றார் அவர். “வெளிய இருக்கிற அஞ்சு பேரையும் நான் சின்ன வயசுலருந்து அறிவேனாம். கேட்டா அஞ்சு பேரும் ஆமாங்கிறாங்க. ஒருத்தி என் மடியில வெளையாடினாளாம். நீ எப்படி?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

“இல்லைங்க ஐயா. இன்னைக்குத்தான் பாக்குறேன். நீச்சலும் தெரியாதுங்க.”

மாடசாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அப்ப உனக்கு என்னதாம்மா தெரியும்?”

“சிங்களம், இங்கிலீஷ் ரெண்டும் நல்லாப் பேசுவேங்க. அப்புறம்... எங்கம்மா பறிச்ச கொழுந்த நிறுக்கையில ஈரத்துக்குன்னு மூணு கிலோ கழிச்சாரு கணக்கப்புள்ள. காயுற வெயில்ல ஏதுங்க ஈரம்? மறுநாள் காலையில பெரட்டுல, பேர் கூப்புடுறப்ப, எல்லார் முன்னாலயும் கேட்டேன். அன்னையோட கழிக்கிறத நிப்பாட்டினாரு.”

மாடசாமியின் சிரிப்பு நின்றது. “எங்கம்மாவுக்கும் கழிச்சாங்க,” என்றார் மெதுவாக. “அவ சாகிற வரைக்கும் கழிச்சாங்க. கேக்க ஒரு நாதியில்ல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது என்று ஜீவராணிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அவர் அவளுடைய பயோடேட்டாக் கோப்பை மூடினார்.

“தங்கமான புள்ள நீ. ஆனா நாளைக்கு இங்க ஒருத்தருக்குச் சம்பளத்துல கழிச்சா, என்கிட்டயும் வந்து கேப்ப இல்லையா? இந்த எடத்துக்கு ஒத்துவராதும்மா.”

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எழுந்து கதவுவரை போனாள்.

“இரும்மா,” என்றார் மாடசாமி. அவருக்கும் மனசு கேட்கவில்லை போலும். “வேற எடத்துக்கு விண்ணப்பம் போட்டா என் பேரத் தாராளமாப் போடு. இப்பத்தான் உன்னை நெசமாவே தெரியுமே. கோல் எடுத்தா நானே பேசுறேன்.”

“என்னன்னு சொல்லுவீங்க ஐயா?”

“வாயே தொறக்காத புள்ளைன்னு சொல்றேன்,” என்றார் அவர், மனதார.