கம்பி விட்டுப் பார்த்தாயா

அப்பாவு மாமா துப்பாக்கியைப் பாடையில் சாய்க்கக் குனிந்தபோது அங்கம்மா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கம்பி வுட்டு பாத்தீங்களா மாமா?"

வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தது. அவருக்குக் காதில் விழவில்லையோ என்று மறுபடியும் கேட்டாள். விழுந்திருந்தது. அதனால்தான் முறைத்தார்.

"இன்னாம்மா கேக்கற? இது உங்க நைனா துப்பாக்கி."

"தெரியும். அதான் கேக்கறேன்."

அப்பாவு எண்ணூர்க் குப்பத்துத் தலைவர். அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பாடையில் கிடந்த அங்கம்மாவின் அப்பா கருணாகரன் இருபது நாள் மார்ச்சளியோடு மல்லுக்கட்டிவிட்டு அன்று விடியற்காலையில்தான் ஓய்ந்திருந்தார். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததால் சாயங்காலம் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். முப்பது வருஷம் கூட இருந்த பொருள், சுடுகாட்டு வாசல்வரையாவது கூடப் போகட்டும் என்று அப்பாவு ஆசைப்பட்டார். ஆசையில் ஒரு குற்றமும் இல்லை.

உப்பங்கழியில் தாரா என்கிற காட்டு வாத்தைச் சுட்டு விற்கிற குடும்பங்கள் எண்ணூரிலிருந்து அத்திப்பட்டுவரை பத்துப் பன்னிரண்டு உண்டு. எல்லாம் குழல் வாயிலேயே மருந்தும் ஈய ரவையும் போட்டு, இரும்புக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கிகள். காலிக் குழலில் கம்பியை விட்டால் அடிவரை இறங்கி 'டங்' என்று கேட்கும். கெட்டித்திருந்தால் நாலு விரல் வெளியே நிற்கும், சத்தமும் வராது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லத்தான் கருணாகரன் மாதம் ஒரு நாள் படகை எடுத்துக்கொண்டு குப்பம் குப்பமாகப் போனார். ஒரு வருஷம் அத்திப்பட்டுக்காரன் ஒருவன் கெட்டித்த துப்பாக்கியோடு படகிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழ, அது வெடித்துவிட்டது. அவனை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இவர் படகுதான். அன்று பிடித்த பைத்தியம்.

பைத்தியம் என்று ஊர் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆண்களை விட்டுவிட்டு அவர்கள் பெண்டாட்டிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "சுடறவன் கழிக்குப் போறான். அது மாட்டிக் கீற எடத்துல பெருக்கறது நீ. உனக்குத்தான் தெரியணும்." முடிக்கும்போது தவறாமல் ஒன்று சேர்த்துக்கொள்வார். "யார் துப்பாக்கியா இருந்தாலும் பாரு. என்னுதா இருந்தாலும் பாரு." பொம்பளை வாத்தியார் என்று கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த குப்பத்துக்குப் படகைத் தள்ளுவார்.

இன்று காலையிலிருந்து வந்த கூட்டத்தில் பாதி அந்தப் பெண்கள்தான். அத்திப்பட்டு பவுனம்மாள் மாலையோடு ஒரு சேவலையும் கொண்டுவந்து, சாவு வீட்டில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டே அழுதாள். "எம் புருசன் ரெண்டு கையோட சோறு துன்றாருன்னா உங்க நைனாவாலதான் அங்கம்மா. உயிரோட கீறப்பவே குடுத்திருக்கணும்." அங்கம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

இப்போது அவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். துப்பாக்கி காலியாக இருந்தால், அப்பன் பிணமாகக் கிடக்கையில் பெற்ற மகளே அவரைச் சந்தேகப்பட்டாள் என்று ஊர் காலத்துக்கும் பேசும். பேசாமல் விட்டால், தலைமாட்டில் விளக்கு எரிகிறது, சுற்றிலும் மாரடிக்கிற பெண்கள். கேட்காமல் இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"குடுங்க மாமா" என்றாள்.

அப்பாவு கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் குழலைக் கூரைப் பக்கம் தூக்கி, உப்புக்காற்றுக்காக விசையைச் சுற்றியிருந்த எண்ணெய்த் துணியை மெல்லப் பிரித்தாள். உள்ளே, விசை அடித்தால் மருந்தைப் பற்றவைக்கிற செம்புக் கேப்பு பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

அதை நகத்தால் நெம்பி எடுத்து மடியில் போட்டாள். பிறகு கம்பியை விட்டாள். நாலு விரல் வெளியே நின்றது. ஒரு சத்தமும் இல்லை.

வாசலில் யாரோ கையமர்த்த, பறை நின்றது. விறகு இறக்கிவிட்டு உள்ளே வந்த பொன்னுரங்கம் கம்பி நிற்பதைப் பார்த்தார். கருணாகரனின் தம்பி அவர். அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"நான்தான்" என்றார். "முந்தாநேத்து. கஞ்சி எறங்கலியே, ஒரு தாரா அடிச்சா சாறு வச்சுக் குடுக்கலாமேன்னு எட்த்துனு போனேன். கெட்டிச்சிட்டு காத்துனு இருக்கசொல்லோ, அண்ணனுக்கு மூச்சு வாங்குதுன்னு கரையில கத்துனாங்க. ஓடியாந்து மாட்டினேன். அப்புறம் நெனப்பே இல்ல."

அவர் தலையில் அடித்துக்கொண்ட கையை அங்கம்மா பிடித்தாள். கோபப்படலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வரவில்லை. பனியில் கழுத்தளவு நாணலுக்குள் அண்ணனுக்காக ஒரு தாராவுக்குக் காத்திருந்த மனிதர். அந்த மனிதரிடமிருந்தும் இத்தனை பேரைக் காப்பாற்றிவிட்டுப் போயிருந்தார் நைனா. இரண்டு பேருக்கும் நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது.

"நைனா இருந்தா உன்ன நல்லா திட்டிருப்பாரு" என்றாள். "திட்டிட்டு, துன்னியான்னு கேட்டிருப்பாரு. எழுந்திரு சித்தப்பா. கெட்டிச்சது நீ, நீயே எடு."

பொன்னுரங்கம் எழுந்தார். கம்பி நுனியில் திருகாணியை மாட்டி, தேங்காய் நார் அடைப்பை இழுத்தார். ரவை முற்றத்தில் உருண்டது. மருந்தைத் தண்ணீர்ப் பானையில் கொட்டினார். மறுபடியும் கம்பியை விட்டு, அது சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, துப்பாக்கியை அண்ணனின் பக்கத்தில் தாமே வைத்தார்.

அப்பாவு பாடையின் முன்மூங்கிலைத் தொட்டுக் காட்டினார். "முன்னால நீ தோள் குடு பொன்னுரங்கம்" என்றார்.

மூங்கிலில் கை வைத்தார்கள். ஆனால் தூக்கவில்லை. பாடை எழும்போது வானத்தைப் பார்த்து ஆளுக்கொரு வேட்டு போடலாம் என்று அக்கம்பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் துப்பாக்கிகளோடு வந்து, அவற்றை வேலியோரம் சாத்தியிருந்தார்கள். பவுனம்மாளின் புருஷன் அங்கே போய்த் தன்னுடையதை எடுத்துக் கம்பியை விட்டான். டங். பக்கத்தில் நின்றவன் தன்னுடையதை எடுத்தான். அவனுக்கு அடுத்தவனும் எடுத்தான். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. பறைக்காரர்கள் குச்சியை உயர்த்தியபடி நின்றார்கள். வேலியின் கடைசியில் இருந்த துப்பாக்கியும் 'டங்' என்று சொன்ன பிறகுதான் பாடை தோளுக்கு ஏறியது.