வறண்ட போருக்கு மழை

அன்று காலை பத்து மணிக்கு என் கணவர் அர்த்தநாரி போனில் ஒரு படம் அனுப்பினார். அவர் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும் ரிக் வண்டியில் டிரில்லர். அப்போது ஆந்திராவில் வேலை. போர் ஓட்டும்போது மேலே வரும் கல்தூளை ஒரு ராடு நீளமான இருபது அடிக்கு ஒரு குவியலாக வரிசையாக வைப்பார்கள். அந்த வரிசைதான் படத்தில் இருந்தது. உடனே கூப்பிட்டும் பேசினார்.

“கடைசிக் குமியப் பாரு மஞ்சுளா. இனி இதுல தண்ணி வராது.”

“சாப்டீங்களா?” என்றேன்.

“இன்னொரு ராடு ஓட்டிட்டு சாப்பிடறனுங்க மகாராணி.”

ஒரு மணிக்கு மேனேஜர் அழைத்தார். வண்டி நிழலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

பல வாரம் கழித்து அந்தப் படத்தைத் திறந்தபோதுதான் உறைத்தது. தண்ணீர் வராது என்று தூளைப் பார்த்து அவருக்கு எப்படித் தெரிந்தது? பதினாறு வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

அந்த ஒரு கேள்விக்காக, சுற்றுவட்டாரத்தில் ரிக் சத்தம் கேட்ட இடமெல்லாம் போய் நின்றேன். தூளைப் பொட்டலம் கட்டி, மேலே எத்தனை அடி என்று எழுதினேன். பிளஸ் டூவோடு நின்ற படிப்பு; நூலகத்தில் எடுத்த பாறைப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் தாண்டவே ஒரு மாதம் ஆனது. பாறைக்குள் வெடிப்புகள் உண்டு, தண்ணீர் அவற்றில்தான் நடமாடுகிறது. வெடிப்பு இருந்தால் தூளில் பழுப்பேறும். ஒரே கருப்பாக வந்தால் இல்லை. விடை கிடைத்துவிட்டது, மனம்தான் நிற்கவில்லை. வெடிப்புக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், மேலிருந்து இறங்காமல்?

மூன்றாம் வருடம் ஆடியில் எங்கள் போர் வற்றியது. அவர் வைத்த நாற்பது தென்னைகளிலும் மட்டை தொங்கியது. அவருடைய அண்ணன் மாதேஸ்வரன் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து, ஆயிரம் அடிக்குப் புதுப் போர் போட நாள் குறித்தார்.

“வேண்டாமுங்க மாமா. மழைத்தண்ணிய பழைய போருக்குள்ள எறக்கிப் பாக்கலாம்.”

“போர்ல தண்ணி எடுப்பாங்க அம்மிணி. நீ போருக்கே தண்ணி ஊத்தறயா? தென்ன காஞ்சா?”

“காஞ்சா நானே வெட்டிப் போடறனுங்க.”

“தை வரைக்கும் பாக்கறேன். அப்பறம் ரிக் வரும்.”

பழைய குழாயைச் சுற்றிப் பத்தடிக் குழி எடுத்து, குழாயில் துளையிட்டு வலை சுற்றி, கல்லும் ஜல்லியும் மணலும் நிரப்பினோம். நிலத்து மழைநீர் அங்கே வந்து சேர வாய்க்கால் இழுத்தேன். பக்கத்துத் தோட்டத்து அங்கம்மாள் வேலியோரம் நின்று சிரித்தாள். “மழைக்கு வழி தெரியோணுமல்லக்கா? ஒரு போர்டு எழுதி வெச்சிருங்க!”

ஐப்பசியில்தான் மழை வந்தது. அதற்குள் நாலு தென்னை போய்விட்டன. ஒவ்வொன்றையும் சொன்னபடி நானே நின்று வெட்ட வைத்தேன்.

தை முதல் வாரம் மாமா மோட்டாரைப் போட்டார். முதலில் வெறும் காற்று. பிறகு செம்மண் கலங்கல். பிறகு தெளிந்த தண்ணீர், இரண்டு மணி நேரம், நிற்காமல். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதில் இறங்கி நின்றார்.

“ரிக்குக்காரனுக்கு நீயே போனப் போட்டு, வர வேண்டாமுன்னு சொல்லீரு அம்மிணி.”

மறுவாரம் அங்கம்மாள் வந்தாள். “எங்க போருக்கும் ஒரு குழி எடுத்துக் குடுங்கக்கா. போர்ட நானே எழுதிக்கறேன்.”

ஊரில் கைவிட்ட போர்கள் அறுபத்து மூன்று. இன்றைக்குப் பத்தொன்பதில் மழை இறங்குகிறது. மீதியையும் முடித்துவிட்டு ஏரி வாய்க்காலைப் பார்க்க வேண்டும் என்று திட்டம் வைத்திருக்கிறேன். பஞ்சாயத்தில் வரைபடத்தோடு பேசியும் ஆயிற்று.

எங்கள் நிலத்தில் பாறை இன்றும் இருபத்தெட்டு அடியில்தான் தொடங்குகிறது; மழைக்குத்தான் இப்போது அதைத் தாண்டி இறங்க வழி தெரிகிறது.