மூன்றாம் பேட்டரி

டிஷர்ட்டின் பின்பக்க டிசைனுக்கான பிலிமை விளக்குமேசையில் விரித்ததும் எங்கள் பீரங்கிப் படைப்பிரிவான மூன்றாம் பேட்டரியைத்தான் முதலில் தேடினேன். முதல் பேட்டரி, கோவை. இரண்டாம் பேட்டரி, சேலம். கீழே பீரங்கிப் படம். அவ்வளவுதான். திருப்பூரைக் காணோம்.

ரெஜிமெண்டின் பழைய ஆட்கள் கூடுகிற நாளுக்காக இருநூறு டிஷர்ட். தையல் குமாரசாமியின் கம்பெனி, பிரிண்டிங் வீரபாண்டியில் என் பட்டறை. நாங்கள் அப்போது முழுநேரச் சிப்பாய்கள் இல்லை. பத்து மாதம் பனியன் கம்பெனி, இரண்டு மாதம் முகாம். சண்டை வந்தால் கூப்பிடுவார்கள். ரெஜிமெண்டுக்கு மூன்று பேட்டரி, பேட்டரிக்கு ஆறு பீரங்கி, பீரங்கிக்கு ஆறு பேர். மூன்றாவதில், நாலாம் பீரங்கியில் குறி பார்த்தவன் குமாரசாமி, குண்டு போட்டவன் நான். எழுபத்தொன்று சண்டையில் ஒரு பாலத்துக்குக் காவலாக அதனடியிலேயே பதினான்கு நாள் படுத்துக் கிடந்தோம். அடுத்த வருஷ முகாம் தீபாவளி சீசனில் வந்து தொலைத்தது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு முதலாளி குமாரசாமியின் அப்பாதான். பெட்டியோடு கிளம்பிய எங்களை வெளியே விடாமல் அவர் கேட்டைப் பூட்டிவிட்டார். ஆள் வரவில்லை என்று பேட்டரியைக் கலைத்தார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கலைத்த மேஜரை ஐம்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். குமாரசாமியும் சேர்ந்து திட்டுவான், என் வீட்டுப் பெருநாள் பிரியாணியைத் தின்றுகொண்டே.

அவனுக்குப் போன் போட்டேன். "ஏப்பா, மூணாவது வரி உட்டுப் போச்சு."

"உட்டுப் போகல அக்பரு. நாந்தான் எடுக்கச் சொன்னேன். போட்டா, ஏன் கலைச்சாங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். உங்கப்பா கேட்டைப் பூட்டுனதைச் சொல்லு."



"அதெப்படிச் சொல்றது? ஆளுகளுக்கு வர இஷ்டமில்லைன்னு அன்னிக்கே மேஜருக்கு நாந்தான் எழுதிக் குடுத்தேன். இல்லைன்னா அப்பன் மேல கேசு வந்திருக்கும். போச்சாது உடு. உனக்கும் ஒரு டிஷர்ட்டு எடுத்துக்க."

போனை வைத்துவிட்டேன். முப்பத்தாறு பேரையும் இஷ்டமில்லாதவர்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான், பாவி. பாதிப் பேர் அது தெரியாமலே செத்தும் போனார்கள்.

மருமகள் மெஹ்ஜபின் வந்து நின்றாள். "மாமா, ஸ்கிரீன் எடுத்துரலாமுங்களா?"

"இன்னொரு வரி இருக்குது கண்ணு" என்று மூன்றாம் பேட்டரி, திருப்பூர் என எழுதிக் கொடுத்தேன். அவள் தனிப் பிலிம் எடுத்து வந்தாள். சேலத்துக்குக் கீழே நானே ஒட்டினேன்.

ஸ்கிரீன் தயாரானதும் மீடியம் சைஸில் ஒன்றை எடுத்து, முதுகு மேலே வரும்படி பலகையில் மாட்டினேன். குமாரசாமிக்கு மீடியம்தான்.

"அவுங்க ஒத்துக்குவாங்களா மாமா?"

இங்க்கை ஊற்றி இழுத்தேன். மூன்று வரியும் அழுத்தமாக விழுந்திருந்தன. அதைக் கொடியில் தொங்கவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மின்விசிறிக் காற்றில் டிஷர்ட் திரும்பித் திரும்பி முன்பக்கத்தையே காட்டியது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போய் முதுகைத் திருப்பி வைத்தேன்.