அவையோர் பார்க்கும் பக்கம்

அந்தப் பேச்சுப் பயிற்சி நிலையத்துக்கு வருகிறவர்களை முதலில் வரவேற்பவை பற்கள். கதவுக்கு மேலே, கதவைவிட அகலமான பலகையில், நிறுவனர் சிரித்துக்கொண்டிருப்பார். 'வாயைத் திறங்கள், வாழ்க்கை திறக்கும்' என்று கீழே எழுதியிருக்கும். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் புன்னகை சார். அது கேலி என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. பொதுவாக அவரிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. சொல்லிக்கொடுப்பது அவருடைய தொழில்.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அந்தப் பலகைப் பற்களில் நடுப்பல் ஒன்று வேரோடு போய்விட்டது. நிலையம் மூடிக்கிடந்தது. சார் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினார். அவர் மனைவியின் வாழ்நாளில் அந்த வீடு அத்தனை அமைதியாக இருந்ததில்லை. பிறகு தாடை எலும்பில் உலோகத் திருகு ஒன்றை இறக்கி, அது எலும்போடு சேரும்வரை காத்திருந்து, மேலே புதுப்பல்லைப் பொருத்தினார் பல் டாக்டரம்மா.

"எலும்பு மெலிசா இருக்கு சார். எப்படியோ ஒப்பேத்தி வெச்சிருக்கேன். இது போச்சுன்னா அந்த இடத்துல இன்னொண்ணு நிக்காது. நல்லா ஞாபகம் வெச்சுக்கங்க."

"எப்படிம்மா போகும்? இரும்பாச்சே!"

"டைட்டானியம் சார். அது சொத்தையாகாது. ஆனா சுத்தி இருக்கற ஈறு கெடும், எலும்பு கரையும். சொந்தப் பல்லுன்னா வலிச்சு ஊரைக் கூட்டும். இதுக்கு நரம்பு கிடையாது, கூப்பிடாது. அதான் எனக்கு பயம்."

சார் பெரிதாகத் தலையாட்டினார். டாக்டரம்மா வாக்கியத்தின் கடைசியில் குரலைத் தாழ்த்திவிடுகிறார் என்பதை மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

அடுத்து, உதவியாளர் பெண் பொம்மைத் தாடை ஒன்றை மேசையில் வைத்து விளக்க ஆரம்பித்தாள். "மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷை ஈறோரமா சாய்ச்சுப் பிடிக்கணும் சார். முன்னாடி மாதிரியே பின்பக்கமும் தேய்க்கணும். இந்தக் குட்டி பிரஷ்ஷை இடுக்குல விட்டு எடுக்கணும். அப்புறம் இந்த நூலை..."

"ஒரு நிமிஷம்மா. நீ பொம்மையைப் பார்த்துப் பேசறே. கேக்கறவங்க கண்ணைப் பார்த்துப் பேசணும்."

அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"தோளை இறுக்காதே. கையை ஏன் ஒளிச்சு வெச்சுக்கறே?"

மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை கண்ணும் தோளும் கையும் சேர்ந்து பேசின. சார் கைதட்டினார். "பிரமாதம்! இதான் பேச்சு!" என்றார். அவள் முகம் சிவந்துபோனாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை. சின்னத் துணிப்பையில் பிரஷ்களையும் நூலையும் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அது குளியலறை அலமாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தினமும் காலையில் சார் கண்ணாடிமுன் நின்று அந்தப் பல்லின் முன்பக்கத்தைத் தேய்ப்பார். பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் ஒரு துடைப்பு. பிறகு சிரித்துப் பார்ப்பார். விளக்கு வெளிச்சம் பல்லில் பட்டுத் திரும்பினால் பூஜை முடிந்தது.

"பின்னாடியும் தேய்க்கணும்னு அந்தப் பொண்ணு சொன்னாளேங்க," என்றார் மனைவி.

"பின்னாடி யாரு உக்காந்து பாக்கறா?"

பரிசோதனைக்கு வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேலை தலைக்குமேல் இருப்பதாகச் சொன்னார். அடுத்தடுத்த அழைப்புகளை எடுக்கவேயில்லை. துப்பும்போது தொட்டியில் இளஞ்சிவப்பாக ஏதோ ஓடியது. பற்பசையின் நிறம் என்று முடிவு செய்து தண்ணீரைத் திறந்துவிட்டார்.

வாடை முதலில் மனைவிக்குத்தான் தெரிந்தது. பூஜாடியில் தண்ணீர் மாற்றாமல் விட்டால் வருமே, அந்த வாடை. முதலில் ஜாடியைத்தான் கழுவினார். மறுநாள் குப்பைக்கூடையைக் கழுவினார். மூன்றாம் நாள் கணவர் பக்கத்தில் வந்து "இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டபோது கழுவவேண்டியது எது என்று புரிந்தது.

"என்னங்க, வாய் நாறுது."

"நீ ரொம்பப் பக்கத்துல நிக்கறே."

நிலையத்தின் நிர்வாகத்தை மனைவியின் தம்பிதான் பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பில் முன்வரிசை காலியாகத் தொடங்கியதைச் சார் அவனிடம் பெருமையோடு காட்டினார். "பாத்தியா மாப்ள? மரியாதை! எனக்கு நேரா உக்கார ஒருத்தனுக்கும் துணிச்சல் வரல."

"ஆமா அத்தான். ஃபேனைக்கூட உங்க பக்கமே திருப்பி வெச்சிருக்காங்க. அவ்வளவு மரியாதை."

"நான் வேர்க்கக்கூடாதுன்னு நினைக்கறாங்க."

"அத்தான், எதுக்கும் அந்த டாக்டரம்மாவை ஒரு எட்டு..."

"வலிக்குதா? வலிக்கல. அப்புறம் எதுக்கு?"

ஒரு மதியம் சார் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி கைவிளக்கை எடுத்துவந்து உள்ளே பார்த்தார். முன்பக்கம் முத்து. பின்பக்கம் ஈறு கருஞ்சிவப்பாக வீங்கி, பல்லைவிட்டு விலகியிருந்தது. அந்த விலகலில் சாம்பல் நிறத்தில் திருகின் வரிகள் தெரிந்தன. அவர் மூச்சுவிட, ஓரத்தில் மஞ்சளாக ஒரு துளி திரண்டது. மனைவி விளக்கை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். தூங்குகிற முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அவர் எழுந்ததும் மனைவி சொன்னார். "திருகு வெளிய தெரியுதுங்க. நாளைக்கே வரச்சொல்லியிருக்காங்க."

"நாளைக்கா? நாளைக்குத்தானே பெரிய அரங்குல பேசறேன்! ஒரு பெரிய கம்பெனிக்காரங்க மொத்தப் பேரையும் கூட்டிட்டு வராங்க. பிடிச்சுப்போச்சுன்னா எல்லா ஊர்லயும் நம்ம பலகைதான். முடியட்டும், போலாம்."

"அதுக்குள்ள விழுந்துட்டா?"

"அபசகுனமா பேசாதே."

அரங்கம் நிரம்பியிருந்தது. மேடைக்கும் முன்வரிசைக்கும் நல்ல இடைவெளி விட்டு நாற்காலி போடச் செய்திருந்தான் மைத்துனன். மனைவி கடைசி வரிசையில், கதவோரம் உட்கார்ந்தார். ஏனென்று அவருக்கே தெரியவில்லை, அந்தத் துணிப்பையைக் கைப்பையில் போட்டு எடுத்துவந்திருந்தார்.

"நான் என்ன செய்யறேனோ அதையே செய்யுங்க," என்றார் சார். நிமிர்ந்தார், அரங்கம் நிமிர்ந்தது. சிரித்தார், அத்தனை பேரும் பல்லைக் காட்டினார்கள். "முக்கியமான வார்த்தைக்கு முன்னாடி மௌனமா நிக்கணும். நின்னு பாருங்க, ஜனம் உங்க வாயையே பாக்கும். அந்த வார்த்தை என்ன தெரியுமா? நம்பி..."

நாக்கின் நுனியில் ஏதோ அசைந்தது. வலியில்லை. கீல் கழன்ற கதவுபோல் அது உள்ளே சாய்ந்து, திருகோடு நாக்கின்மேல் வந்து படுத்தது. பூஜாடித் தண்ணீரின் ருசி வாயெல்லாம் பரவியது. அப்போதும் வலியில்லை. டாக்டரம்மா சொன்னதில் ஒரே ஒரு வாக்கியம், குரல் தாழாமல், முதல்முறையாக அவருக்குக் கேட்டது: அந்த இடத்துல இன்னொண்ணு நிக்காது.

சார் உதடுகளை இறுக மூடிக்கொண்டார்.

அரங்கமும் மூடிக்கொண்டது.

கம்பெனித் தலைவர் பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்து, மேடையைக் கண்ணால் காட்டினார். முன்வரிசை முதல்முறையாக அவரை நோக்கிச் சாய்ந்தது. உதட்டோரம் சிவப்பாக ஒரு கோடு இறங்கத் தொடங்கியது. அதை அவர்கள் பார்த்தார்கள். ஆனால் எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று அவர் இன்னும் சொல்லவில்லையே.

கடைசி வரிசையில் மனைவி துணிப்பையை வெளியே எடுத்தார். அதன் முடிச்சு அந்த உதவியாளர் பெண் போட்டபடியே இருந்தது. மேடையில் அவர் கணவர் வாயை மூடிக்கொண்டு சிரிக்க முயன்றுகொண்டிருந்தார். அரங்கம் முழுவதும் வாயை மூடிக்கொண்டு சிரிக்க முயன்றது.