இரண்டு நாட்டுக்கும் ஒரே பிரிசில்லா

"ஓ நெகட்டிவ்! அரை மணி நேரத்துல ஆள் வேணும்!"

டாக்டர் வித்யாஸ்ரீ கத்திவிட்டுத் தியேட்டருக்குள் ஓடினார். உள்ளே வேலம்மாள். குழந்தை பிறந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. மலையிறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு. தாங்கமாட்டாள்.

ரத்தம் கொடுப்பவர்களின் விவரம் மொத்தமும் கம்ப்யூட்டரில் நாடுவாரியாக இருந்தது; இந்த மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த பகுதி. நர்ஸ் பிரிசில்லா வாழவந்தி நாட்டுப் பட்டியலைத் தட்டினாள்.

பெர்மிஷன் டினைட்.

அவள் வழக்கமாகப் பார்க்கும் பைல் நாடு? அதற்கும் அதே பதில்.

"அருள், என்னப்பா பண்ணி வெச்சிருக்கே?"

சேலத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த அருள்பிரகாஷுக்கு வியர்த்தது. அவன் கணக்கில் பிறருக்கு அனுமதி கொடுக்கலாம், எடுக்கலாம். பட்டியலை அவனே பார்க்க முடியாது. ஆஸ்பத்திரி அவ்வளவு கறார். பிரிசில்லாவுக்கு மறுபடி அனுமதி கொடுத்தான். டினைட். இன்னொரு தடவை. டினைட்!

வேலம்மாளின் புருஷன் பூபாலன் வாசலில் தவித்தான். "ஏனுங்க, அந்தப் பொட்டி என்னதானுங்க சொல்லுது?"

"மாட்டேங்குதுங்க."

"மண்டையில ரெண்டு போடுங்க சாமி!"

அருள் சட்டென்று திரும்பினான். "சிஸ்டர், காலைல பைல் நாடு திறந்துச்சா?"

"ஜம்முனு திறந்துச்சு. வாழவந்தி நர்ஸ் நாகலட்சுமி லீவுன்னு என்னை அந்தக் குரூப்புலயும் சேர்த்தியே, அப்புறந்தான் இந்தக் கூத்து."

பிடித்துவிட்டான்! ஒரு நாட்டு நர்ஸ் இன்னொரு நாட்டுப் பட்டியலைத் தொடக்கூடாதென்று இரண்டு குரூப்பிலும் தடை போட்டிருந்தது. இரண்டிலும் இருந்த பிரிசில்லாவை இரண்டு தடையும் சேர்ந்து அமுக்கிவிட்டன. தடை ஒன்று இருந்தால் போதும், நூறு அனுமதியும் செல்லாது.

"கொடுத்துக்கிட்டே இருந்தேனே, மடையன்! எடுக்கணும் சிஸ்டர், தடையை எடுக்கணும்!"

விரல்கள் கீபோர்டில் பறந்தன. இரண்டே வரி.

"இப்பத் தட்டுங்க!"

திரை நிறைந்தது. பிரிசில்லாவின் விரல் கீழே கீழே ஓடி நின்றது. ஓ நெகட்டிவ். ராசப்பன், வாசலூர்பட்டி படகுத்துறை. அவள் போனைப் பிடுங்காத குறையாக எடுத்தாள்.

டிவிஎஸ் ஃபிஃப்டி ஒன்று அலறிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. ராசப்பன் சட்டைக் கையை மடித்தபடியே படியேறினான்.

"எந்தக் கைங்க வேணும்? வெரசா எடுங்க! படகுல ஏறுன சனத்தை எறக்கி உட்டுட்டு வந்திருக்கேன், கரையில நின்னு வையறாங்க!"

டாக்டர் வெளியே வந்தபோது மாஸ்க்குக்கு மேலே கண்கள் சிரித்தன. "ரத்தம் நின்னுடுச்சு. வேலம்மாள் பொழைச்சுக்கிட்டா."

பூபாலன் பாய்ந்துபோய் ராசப்பனைக் கட்டிக்கொண்டான்.

"ஐயோ, உடுங்க! ஊசி போட்ட கையிங்க அது!"